மால்டாவை விட்டுப் போகாத பெருந்தலைவர்



மத்தியதரைக் கடலிலே, சிசிலித் தீவுக்குத் தெற்கே, மால்டா என்னும் சின்னஞ்சிறு தீவு உண்டு. உலகப் படத்தில் ஒரு புள்ளியாகவே அது தெரியும். அதன் தலைநகரின் பெயர் வலெற்றா. அந்நகருக்கு அடிக்கல் நாட்டிய ஒரு முதியவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆனால் நகர் எழும்பி முடியும்வரை அவர் உயிரோடு இருக்கவில்லை. ஜான் டி லா வலெற் என்பது அன்னாரின் பெயர். பிறப்பால் பிரான்சு தேசத்துப் பிரபு, தொழிலால் போர்வீரர், வார்த்தைப்பாட்டால் துறவி. திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்க்கவில்லை. அவருடைய வாழ்க்கையை அறிபவர்கள் அதற்கான காரணத்தையும் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். எனினும் தம்மை நம்பிய மக்களை ஆபத்து வேளையில் விட்டுப் போகாதிருப்பது எத்தகையது என்பதை அறிய விரும்பும் எவருக்கும் அவரது சரித்திரத்தில் ஒரு பாடம் உண்டு. அதனாலேயே இவ்வாரம் அவரைப்பற்றி உங்களுக்குச் சொல்ல முற்படுகிறோம்.

நோயாளரே எசமானர்

லா வலெற் ஏறத்தாழ 1495ஆம் ஆண்டிலே தென்பிரான்சில் பிறந்தார். இருபது வயதளவில் புனித ஸ்நாபக அருளப்பர் சபையிலே சேர்ந்தார். இச்சபை எப்படித் தோன்றியது என்பதை நீங்கள் முதலில் அறிந்துகொள்வது நல்லது. வாளேந்துவதற்காக அது தொடங்கப்படவில்லை. புனித நாட்டுக்கு யாத்திரை சென்று நோயுற்ற ஏழைகளைப் பராமரிக்க எருசலேமில் ஒரு மருத்துவமனை இருந்தது. அதை நடத்திய சகோதரர்களின் கூட்டமே 1113ஆம் ஆண்டில் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றுத் துறவற சபையாயிற்று. நோயாளரைத் தங்கள் எசமானராக எண்ணிப் பணிசெய்வது அவர்களுடைய ஒழுங்கு. யாத்திரிகருக்குக் காவல் தேவைப்பட்டபோது அவர்கள் வாளையும் எடுத்தார்கள். நாளடைவில் வாளே முன்னுக்கு வந்துவிட்டது. ஆயினும் சபை எங்கே குடிபெயர்ந்தாலும் அங்கே ஒரு மருத்துவமனையையும் நிறுவியது. கற்பு, தரித்திரம், கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளையும் ஐரோப்பாவின் பெருங்குடும்பத்துப் பிள்ளைகள் அச்சபையில் கொடுத்தார்கள். எல்லோரும் அவற்றைச் சரிவரக் காத்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

இளைஞரான லா வலெற் போய்ச் சேர்ந்தபோது சபையின் தலைமையிடம் றோட்ஸ் தீவிலே இருந்தது. 1522ஆம் ஆண்டில் துருக்கியச் சுல்தான் சுலைமான் பெரும்படையோடு அத்தீவை முற்றுகையிட்டார். ஆறு மாதம் போர் நடந்தது. வெளியிலிருந்து போதிய உதவி வரவில்லை. ஈற்றில் பெருந்தலைவர் வில்லியே டி லீல் ஆதாம் கோட்டையை ஒப்படைத்தார். சுல்தானும் பெருந்தன்மையோடு அவர்களை உயிருடன் போகவிட்டார். 1523ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் வீடாயிருந்த தீவை விட்டு அவர்கள் கப்பலேறினார்கள். பிலேர்மோஸ் மாதாவின் பழைய திருப்படத்தையும் தம்முடன் எடுத்துச் சென்றார்கள். அவர்களோடு தீவின் குடிமக்களும் ஆயிரக்கணக்கிலே வெளியேறினார்கள்.

வீட்டையும் ஆலயத்தையும் இழந்து கடலிலே மிதப்பது என்னவென்று லா வலெற் அப்போது கண்டார். ஏழு ஆண்டுகள் சபை இடமின்றி அலைந்தது. 1530இல் ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் மால்டாவையும் கோசோத் தீவையும், ஆபிரிக்கக் கரையிலுள்ள திரிப்பொலிக் கோட்டையையும் அவர்களுக்குக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு வேட்டைப் பருந்து மட்டுமே குத்தகை. நிலம் கல்லும் வெயிலுமாக இருந்தது. தண்ணீர் அருமை, விறகு அதனினும் அருமை. அங்கே முன்பே வாழ்ந்திருந்த மால்டா மக்களிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

குழியிலும் சங்கிலியிலும்

நமது வீரர் குறையற்றவரல்லர். கோபம் அவருடைய பெருங்குறை. 1538ஆம் ஆண்டில் ஒரு மனிதனைச் சாகும் தறுவாய்வரை அடித்தார் என்ற குற்றத்துக்காகச் சபையே அவரை நான்கு மாதம் நிலத்தடிக் குழிச்சிறையில் அடைத்தது. அதன்பின் இரண்டாண்டுக்குத் திரிப்பொலிக்கு அனுப்பியது. பிரபு என்பதற்காக அவரைத் தப்பவிடவில்லை.

அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் பின்னர் வந்தது. 1541ஆம் ஆண்டில் அவருடைய கப்பல் கடற்போரிலே பிடிபட்டது. காயப்பட்ட லா வலெற் எதிரியின் கப்பலிலே அடிமையானார். அக்காலத்துத் துடுப்புக் கப்பல்களிலே ஒரே பலகையில் நாலைந்து பேரைக் காற்சங்கிலியால் பிணைத்துத் தண்டு வலிக்கச் செய்வார்கள். உண்பதும் உறங்குவதும் அந்தப் பலகையிலேதான். களைத்தவன் முதுகிலே சவுக்கு விழும். பிரபுவென்றும் கூலியென்றும் அங்கே வேறுபாடு இல்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்த லா வலெற் அங்கே ஏறத்தாழ ஓராண்டு உழைத்தார். பின்னர் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது விடுதலையானார்.

இவ்விடத்தில், வாசகர்களே, உங்கள் உள்ளத்தில் எழக்கூடிய ஒரு கேள்வியை மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். அடிமைச் சங்கிலியைத் தம் காலில் உணர்ந்த இவர், அடிமை முறையையே வெறுத்தாரா? இல்லை. சபையின் கப்பல்களிலும் முஸ்லிம் கைதிகள் அதே பலகைகளில், அதே சங்கிலியோடு தண்டு வலித்தார்கள். லா வலெற் 1554இல் அக்கப்பற்படையின் தளபதியானார். அந்த வழக்கத்தை மாற்றவில்லை. பட்ட துன்பம் அவருக்குப் பொறுமையைக் கற்பித்தது. எதிரியின் துன்பத்தைக் காணும் கண்ணை அது முழுமையாகத் திறக்கவில்லை. கற்புக்குக் கொடுத்த வார்த்தைப்பாட்டுக்கு மாறாக அவர் பிள்ளைகளுக்குத் தந்தையானதையும் அக்கால ஆவணங்கள் காட்டுகின்றன. ஒரு மனிதரின் நன்மையைச் சொல்வதற்கு அவருடைய பாவத்தை மூடிவைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை.

1546 முதல் 1549 வரை அவர் திரிப்பொலியின் ஆளுநராயிருந்தார். அவர் பதவி முடிந்து வந்த இரண்டாண்டில், 1551இல், திரிப்பொலி துருக்கியர் வசமாயிற்று. அதே ஆண்டு கோசோத் தீவில் இறங்கிய படை, அங்கிருந்த குடிமக்களில் ஏறத்தாழ 5,000 பேரை அடிமைகளாக ஏற்றிச் சென்றது. பாதுகாப்போர் கைவிட்டால் ஏழைகளுக்கு என்ன நேரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 1557ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள் லா வலெற் சபையின் பெருந்தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

நான்கு மாத முற்றுகை

துருக்கியரின் வணிகக் கப்பல்களைச் சபையின் கப்பல்கள் அடிக்கடி கொள்ளையிட்டு வந்தன. 1564இல் அரண்மனைத் தலைமை அலுவலர் ஒருவருக்குச் சொந்தமான பெருங்கப்பலொன்றையே றொமேகாஸ் என்னும் சபை வீரர் பிடித்தார். சுல்தானின் சினத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மேற்கு நோக்கிப் படை நடத்துவதற்கும் மால்டாத் துறைமுகம் அவருக்குத் தேவைப்பட்டது.

1565ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் துருக்கியக் கப்பற்படை கண்ணுக்குத் தெரிந்தது. ஏறத்தாழ 30,000 வீரர் வந்தார்கள் என்பது பலருடைய கணிப்பு. தீவிலே சபை வீரர் ஏறத்தாழ ஐந்நூறு பேர். கூலிப்படையினரும் மால்டாக் குடிமக்களுமாகச் சில ஆயிரம் பேர். லா வலெற் எழுபது வயதை எட்டியிருந்தார். விளைந்த தானியத்தை முன்கூட்டியே அறுவடை செய்வித்து உள்ளே சேர்த்தார். எதிரி பாளையமிடக்கூடிய இடத்துக் கிணறுகளைக் கெடுத்தார். போரிட இயலாதவர் பலரைச் சிசிலிக்கு அனுப்பினார். எஞ்சியவர்களோடு பீர்கு நகரிலே தாமும் தங்கினார்.

துருக்கியத் தளபதிகள் முதலில் துறைமுக வாயிலிலிருந்த புனித எல்மோ கோட்டையைத் தாக்கினார்கள். சில நாளிலே அது விழுந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அச்சிறு கோட்டையோ ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. இரவிலே பீர்குவிலிருந்து தோணிகள் புதிய வீரரைக் கொண்டுபோய்க் காயப்பட்டவர்களைக் கொண்டுவந்தன. யூன் மாதத் தொடக்கத்தில், இனித் தாங்காது, வெளியேற அனுமதி வேண்டும் என்று அங்கிருந்த இளம் வீரர்கள் எழுதினார்கள். பெருந்தலைவர் அவர்களை வைது எழுதவில்லை. விரும்புகிறவர் திரும்பி வரலாம், அவர்கள் இடத்துக்குப் போகத் தொண்டர்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள் என்று அறிவித்தார். அதைக் கேட்ட இளைஞர் வெட்கமுற்று அங்கேயே நிற்கத் தீர்மானித்தார்கள். யூன் 23ஆம் நாள் கோட்டை விழுந்தது. உள்ளேயிருந்தவர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே தப்பினர். அம்முற்றுகையிலே துருக்கியரும் பல ஆயிரம் வீரரையும், டிராகுட் என்னும் தலைசிறந்த கடற்தளபதியையும் இழந்தனர்.

அவர்களைச் சாவுக்கு அனுப்பியவர் லா வலெற் என்பதை மறக்கலாகாது. எல்மோ நின்ற ஒவ்வொரு நாளும் பீர்குவின் மதிலை உயர்த்தக் கிடைத்த நாள். அந்தக் கணக்கைப் போட்டவர், அதன் விலையையும் அறிந்திருந்தார்.

மறுநாள் ஸ்நாபக அருளப்பர் திருநாள். சபையின் பாதுகாவலருடைய விழா. அன்று, தலை வெட்டப்பட்ட வீரரின் உடல்கள் மரச்சிலுவைகளில் அறையப்பட்டுக் கடலில் மிதந்து பீர்குவின் கரையை அடைந்தன. அதைக் கண்ட லா வலெற் தம்மிடமிருந்த துருக்கியக் கைதிகளைக் கொல்வித்து, அவர்களுடைய தலைகளைப் பீரங்கியிலிட்டு எதிரியின் பாளையத்துக்குள் சுடச் செய்தார் என்று சரித்திரம் கூறுகிறது. ஆயுதமற்ற கைதிகள் அவர்கள். பகைவரையும் நேசிக்கச் சொன்ன ஆண்டவரின் சிலுவையை மார்பில் அணிந்திருந்தவர் இதைச் செய்தார். அக்காலப் போர்முறை அத்தகையது என்று சொல்வோருண்டு. காலத்தைச் சொல்லி விளக்கலாம், நியாயப்படுத்த முடியாது. குழிச்சிறையில் நான்கு மாதம் கிடந்த அந்தப் பழைய கோபம் சாகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

போகலாம் என்றவர்களும் போகாதவரும்

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் சண்டை பீர்கு, செங்லேயா என்னும் இரு குடியிருப்புகளையும் சூழ்ந்தது. சிசிலியின் ஆளுநர் டொன் கார்சியா அனுப்பிய சிறுபடையொன்று யூலைத் தொடக்கத்தில் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தது. பெரும்படையோ வரவில்லை. ஆளுநரின் சொந்த மகனே மால்டாவிலே போரிட்டு மாண்டான். பெருந்தலைவரின் நெருங்கிய உறவினனான இளைஞன் ஒருவனும் அவர் கண்முன்னே உயிர்துறந்தான். மால்டாப் பெண்களும் பிள்ளைகளும் மதிலுக்குக் கல் சுமந்தார்கள். வீரருக்குத் தண்ணீரும் அப்பமும் எடுத்துச் சென்றார்கள். கொதிக்கும் நீரை எதிரிமேல் ஊற்றினார்கள். மருத்துவமனை நிரம்பி வழிந்தது.

ஓகஸ்ட் 18ஆம் நாள் மதிலின் கீழ் வைக்கப்பட்ட வெடியினால் பெருந்துவாரம் ஏற்பட்டது. எதிரிகள் உட்புகுந்தார்கள். நகர் போய்விட்டது என்ற கூக்குரல் எழுந்தது. முழுக் கவசம் அணியவும் நேரமின்றி, கைக்கெட்டிய தலைச்சீராவையும் ஈட்டியையும் எடுத்துக்கொண்டு எழுபது வயதுக் கிழவர் உடைந்த இடத்துக்கு ஓடினார். அவர் ஓடுவதைக் கண்டு வீரரும் ஊராரும் பின்னால் ஓடினார்கள். காலிலே காயம் பட்டும் அவர் பின்வாங்கவில்லை. எதிரியின் கொடி மதிலைவிட்டு அகலும்வரை அங்கேயே நின்றார்.

சில நாட்களின்பின் சபையின் ஆலோசனைக் கூட்டம் கூடியது. பீர்கு இனி நிற்காது. நகரைக் கைவிட்டு, திருப்பண்டங்களையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு, கடலோரத்துப் புனித ஆஞ்சலோ கோட்டைக்குள் போய்விடுவோம் என்பது அனைவரின் கருத்தாயிருந்தது. போர்க்கலை முறைப்படி பார்த்தால் அது தவறான யோசனையல்ல. அக்கோட்டை பலமானது. சில வாரமாவது அங்கே தாக்குப்பிடிக்கலாம்.

ஆனால் அக்கோட்டையிலே எல்லோருக்கும் இடம் இல்லை. நீரும் போதாது. வீரரும் திருப்பண்டங்களும் உள்ளே போனால், கல் சுமந்த பெண்களும் பிள்ளைகளும் வெளியே நிற்கவேண்டும். கோசோ மக்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரும். லா வலெற் உடன்படவில்லை. பீர்கு மக்களையும், அப்பால் செங்லேயாவில் நிற்பவர்களையும் விட்டுவிட்டுத் தாம் மட்டும் காப்பிடம் தேடுவதில்லை என்று தீர்ப்புக் கூறினார். அதோடு நிற்கவில்லை. புனித ஆஞ்சலோ கோட்டையையும் நகரையும் இணைத்த பாலத்தைத் தகர்க்கக் கட்டளையிட்டார். அன்றுமுதல் அவருக்கும் அவருடைய பிரபுக்களுக்கும் பீர்குவின் ஏழைக் கல்தச்சனுக்கும் ஒரே மதில், ஒரே கதி.

அன்பர்களே, இந்த வரலாற்றில் நமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது ஈட்டியேந்தி ஓடிய காட்சியன்று, இந்தப் பாலமே. வீரம் ஒரு நாழிகையில் வந்து போகலாம். பெரியவர்களுக்கென்று ஒரு தனிவழி இருக்கும்போது, அந்த வழியைத் தம் கையாலேயே அடைத்துவிடுவதற்கு வேறொரு மனம் வேண்டும். றோட்ஸ் தீவை விட்டுப் புறப்பட்ட கப்பலிலே அழுத மக்களைப் பார்த்த இளைஞனின் உள்ளத்தில், நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த மனம் உருவாகியிருக்கவேண்டும்.

செப்டெம்பர் 7ஆம் நாள் டொன் கார்சியாவின் பெரும்படை தீவின் வடபுறத்தில் இறங்கியது. நோயாலும் போராலும் நலிந்திருந்த துருக்கியர் மறுநாள் முற்றுகையைக் கைவிட்டுக் கப்பலேறத் தொடங்கினர். அது தேவதாயின் பிறந்த நாள் திருவிழா. பீர்குவின் புனித லோறன்ஸ் ஆலயத்திலே நன்றித் திருப்பலி நடந்தது. ஆயுதம் தாங்கும் நிலையில் எஞ்சியவர் ஏறத்தாழ 600 பேரே. முற்றுகையை நேரில் கண்டு எழுதிய பால்பி என்னும் போர்வீரரின் கணக்குப்படி, ஆண், பெண், பிள்ளைகளாக மால்டா மக்களில் 7,000 பேர் இறந்திருந்தனர். சபை வீரரின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்பட்டன. இம்மக்களில் மிகப் பலருடைய பெயரை ஆண்டவர் ஒருவரே அறிவார். உரோமாபுரியோடு உறவை முறித்திருந்த இங்கிலாந்திலேகூட அவ்வாண்டு மால்டாவுக்காக ஆலயங்களில் மன்றாடினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆலயமும் நகரமும்

வெற்றிக்குப்பின் மீண்டும் அதே கேள்வி வந்தது. தீவு பாழாய்க் கிடந்தது, கருவூலம் வெறுமை, சுல்தான் மறுபடியும் வரலாம். மால்டாவைக் கைவிட்டுச் சிசிலிக்குப் போய்விடலாம் என்ற பேச்சு சபைக்குள்ளே எழுந்தது. லா வலெற்றின் விடை ஒரு நகரமாக அமைந்தது. எல்மோ கோட்டைக்குப் பின்னாலிருந்த வெறும் பாறை மேட்டிலே புதிய நகரைக் கட்ட முடிவு செய்தார். பாப்பரசர் நான்காம் பத்திநாதர், பிரான்செஸ்கோ லாப்பரெல்லி என்னும் பொறியியலாளரை அனுப்பியிருந்தார். அவருக்குப்பின் வந்த ஐந்தாம் பத்திநாதரும் கத்தோலிக்க மன்னரும் பணம் உதவினர். 1566ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் லா வலெற் அடிக்கல்லை நாட்டினார். பணம் குறைந்தபோது, பின்னர் வெள்ளி தந்து மீட்கப்படும் என்ற உறுதியோடு செப்புக் காசுகளை அடித்து வேலையாட்களுக்குக் கொடுத்தார். அவருடைய வாக்கை நம்பி அவர்கள் அதை வாங்கினார்கள்.

அந்நகரிலே முதன்முதல் எழுந்த கட்டடம் எது தெரியுமா? அரண்மனையன்று, வெற்றி மாதாவின் ஆலயம். அச்சிற்றாலயத்தை லா வலெற் தம் சொந்தச் செலவில் கட்டுவித்தார் என்பது மரபு. அவருடைய வாளும் தொப்பியும் பீர்குவின் புனித லோறன்ஸ் ஆலயத்தையடுத்த சிற்றாலயத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவருக்குக் கர்தினால் பதவி அளிக்க உரோமாபுரி முன்வந்ததாகவும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் சரித்திர ஆசிரியர் எழுதியுள்ளனர். அதுவும் மால்டாவை விட்டுப் போக மறுத்த ஒரு செயலே எனலாம்.

1568ஆம் ஆண்டுக் கோடையிலே, பருந்தோடு வேட்டைக்குச் சென்றபோது கடும் வெயில் தாக்கி நோயுற்றார். ஓகஸ்ட் 21ஆம் நாள், பெருந்தலைவராகத் தெரிவான அதே தேதியில், பதினோராண்டுகள் நிறைவுற்றபோது காலமானார். தாம் கட்டிய வெற்றி மாதா ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். சபை புதிய நகருக்குக் குடிபெயர்ந்தது 1571ஆம் ஆண்டில்தான். பின்னர் அவருடைய உடல் புனித அருளப்பர் பேராலயத்தின் நிலவறைக்கு மாற்றப்பட்டது. அருகிலே அவருடைய செயலாளரான ஆங்கிலேயர் ஒலிவர் ஸ்ராக்கியும் துயில்கிறார். 1574இல் புதிய நகரிலே சபையின் பெரிய மருத்துவமனைக்கு அடித்தளமிடப்பட்டது. நோயாளருக்கு வெள்ளிப் பாத்திரத்தில் உணவு கொடுத்த மனையென அது பின்னர் பெயர்பெற்றது. எருசலேமில் தொடங்கிய பழைய பணி இவ்வாறு மறுபடியும் ஒரு வீட்டைக் கண்டது.

இக்கதையை வேறொரு மதத்தாரை வென்ற கதையாக நீங்கள் வாசிக்கவேண்டாம். இரு பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள். இரு பக்கத்துக் கப்பல்களிலும் அடிமைகள் கிடந்தார்கள். பீரங்கி வாயிலே லா வலெற் இட்டவற்றுக்கு அவர் ஆண்டவரிடம் கணக்குக் கொடுத்திருப்பார். அவர் தகர்த்த அந்தப் பாலத்தையும் அதே ஆண்டவர் கணக்கில் எடுத்திருப்பார் என்று நம்புவோம். மந்தைக்குப் பொறுப்பானவர்கள், ஆயராயிருந்தாலென்ன, ஆசிரியராயிருந்தாலென்ன, குடும்பத் தலைவராயிருந்தாலென்ன, நெருக்கடி வந்த நாளில் தமக்கென்று வைத்திருக்கும் தனிவழியை ஒருதரம் எண்ணிப் பார்க்கட்டும். பிறருக்கு அவ்வழியில் இடமில்லையெனில் என்ன செய்யவேண்டும் என்பதைப் பீர்குவின் கிழவர் காட்டிச் சென்றிருக்கிறார்.